பழைய சைக்கிளுக்கு என்ன விலை சொல்லலாம்?

(எமது மாதாந்த ஒன்றுகூடலில், சைக்கிள் திருத்தும் தொண்டர் ஒருவர் புதிதாக வந்திருப்பவர்களுக்காக நிகழ்த்திய உரை. அவர் பேசிய நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



போன மாதம் ஒரு தம்பி ஒரு பழைய றலி சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னட்ட வந்தார். பச்சை நிறம், மூன்று கியர், மட்காட், காரியர் எல்லாம் இருக்கு. ஒரு திறந்தவெளிச் சந்தையில் 40 பவுணுக்கு வாங்கினாராம். கறளைச் சுரண்டி, புது ரயர் போட்டு, செயின் மாற்றி, அழகாகத் திருத்தி வைத்திருந்தார். "அண்ணை, இதுக்கு எவ்வளவு கேக்கலாம்?" என்பதுதான் அவருடைய கேள்வி.

கேட்டது ஒரு கேள்வி. நான் திருப்பி மூன்று கேள்வி கேட்டேன். இந்த சைக்கிள் உண்மையில் உம்முடையதா? இதை விற்க உமக்கு அனுமதி இருக்கா? இவை இரண்டுக்கும் பதில் தெரிந்த பிறகு, வாங்குகிற ஆள் இதுக்கு என்ன தருவார்? இந்த மூன்றையும்தான் இன்றைக்கு உங்களோடு பேசப் போகிறேன்.

முதலில் ஒன்று சொல்ல வேணும். சைக்கிள் விஷயத்தில் நாங்கள் ஒன்றும் தெரியாமல் இந்த நாட்டுக்கு வந்த ஆட்கள் இல்லை. 1990-களில் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்த நேரம் பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை. விறகும் சைக்கிளில், நோயாளியும் சைக்கிளில். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட சனம் நாங்கள். பழைய ரியூபை வெட்டி ஒட்டுப் போடத் தெரிந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே பத்துப் பேராவது இருப்பீர்கள். கையில் தொழில் இருக்கிறது. இந்த நாட்டுச் சட்டமும் சந்தையும்தான் எங்களுக்குப் புதிது. அதில்தான் கவனம் வேணும்.

முதல் கேள்வி: சைக்கிள் யாருடையது?

லண்டனில் சைக்கிள் களவு சர்வசாதாரணம். மலிவாக வருகிற சைக்கிளில் களவு போனதும் இருக்கலாம். களவுப் பொருள் என்று தெரிந்தும், அல்லது அப்படித்தான் என்று நம்பியும், அதை வாங்குவதோ விற்பதோ 1968-ஆம் ஆண்டுத் திருட்டுச் சட்டத்தின்படி குற்றம். தெரியாமல் வாங்கினால் குற்றமாகாது என்றாலும், உரிமையாளர் வந்து கேட்டால் சைக்கிளும் போகும், கொடுத்த காசும் போகும். தஞ்சக் கோரிக்கை நிலுவையில் இருக்கிற ஒருவருக்குப் பொலிஸ் விசாரணை என்பது சின்ன விஷயம் இல்லை.

ஆகவே வாங்குவதற்கு முன் சைக்கிளைத் தலைகீழாகத் திருப்புங்கள். பெடல் பூட்டியிருக்கிற இடத்துக்குக் கீழே, அல்லது சீற் குழாயில், பிரேம் நம்பர் அடித்திருக்கும். அந்த இடம் அரம் போட்டுத் தேய்த்திருந்தால் அந்த சைக்கிள் உங்களுக்கு வேண்டாம், சும்மா தந்தாலும் வேண்டாம். நம்பர் இருந்தால் பைக்ரெஜிஸ்ரர் என்ற இணையப் பதிவில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். பொலிசும் பாவிக்கிற பதிவு அது. அதில் களவு என்று வராவிட்டால் நல்லது. ஆனால் எல்லாரும் தங்கள் சைக்கிளைப் பதிவதில்லை. எனவே பற்றுச்சீட்டும் வாங்க வேணும். ஒரு துண்டுக் கடதாசி போதும்: விற்றவரின் பெயர், திகதி, பிரேம் நம்பர், விலை, கையெழுத்து. எழுதித் தர மாட்டேன் என்கிறவரிடம் வாங்காதீர்கள்.

இன்னுமொன்று. மாடிக் குடியிருப்பின் கீழே மாதக்கணக்காகக் காற்றுப் போய் நிற்கிற சைக்கிளையும், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருக்கிற சைக்கிளையும் "ஆரும் தேடவில்லை" என்று தூக்கிக்கொண்டு வராதீர்கள். கைவிட்டது போல இருந்தாலும் அதற்கு உரிமையாளர் இருக்கலாம். கட்டிடப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். தருகிறேன் என்று சொன்னால் அதையும் எழுத்தில் வாங்குங்கள்.

இரண்டாம் கேள்வி: விற்க அனுமதி இருக்கா?

இது பலருக்குப் பிடிக்காத பகுதி. ஆனாலும் சொல்லத்தான் வேணும்.

தஞ்சக் கோரிக்கைக்கு முடிவு வராமல் காத்திருக்கிறவர்களுக்குப் பொதுவாக வேலை செய்ய அனுமதி இல்லை. உங்கள் பிழை இல்லாமல் 12 மாதத்துக்கு மேல் முடிவு இழுபட்டால் அனுமதி கேட்டு விண்ணப்பிக்கலாம். கிடைத்தாலும் ஹோம் ஒபிஸ் குறித்திருக்கிற வேலைகளை மட்டுமே செய்யலாம். சுயதொழிலோ வியாபாரமோ அந்த அனுமதிக்குள் வராது. அனுமதியில்லாமல் வேலை செய்வதை 2016-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது.

"அண்ணை, நான் ஒருத்தரிட்டையும் சம்பளத்துக்கு நிக்கேல்லை, என்ர சைக்கிளைத்தானே விக்கிறன்" என்று அந்தத் தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. நீங்கள் ஓடுவதற்கென்று வைத்திருந்த சைக்கிளை ஒருமுறை விற்பது வேறு. விற்பதற்கென்றே வாங்கி, திருத்தி, விற்று, அந்தக் காசில் அடுத்ததை வாங்குவது வேறு. இரண்டாவது, வியாபாரம். வீட்டுக்குப் பின்னால் நான்கு சைக்கிள் நின்றால் அதை "என்ர சைக்கிள்" என்று சொல்ல முடியாது. அரச உதவிப் பணம் பெறுகிறவர்கள் கைக்கு வருகிற வேறு பணத்தை மறைக்கவும் கூடாது. ஒரேயொரு சைக்கிளை விற்க நினைத்தாலும், முதலில் உங்கள் சட்டத்தரணியிடம் அல்லது பதிவு பெற்ற ஆலோசகரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான் சைக்கிள்காரன், சட்டத்தரணி இல்லை.

அகதி அந்தஸ்துக் கிடைத்தவர்களுக்கு நிலைமை வேறு. நீங்கள் வேலையும் செய்யலாம், சுயதொழிலும் செய்யலாம். ஒரு வரி வருடத்தில், அதாவது ஏப்ரல் 6 தொடக்கம் அடுத்த ஏப்ரல் 5 வரை, வியாபார வரவு 1,000 பவுணைத் தாண்டினால் வரித் திணைக்களத்தில் பதிய வேணும். இந்த 1,000 என்பது லாபம் இல்லை, வந்த மொத்தக் காசு. யூனிவேர்சல் கிரெடிற் எடுப்பவர்கள் வருமானத்தை மாதாமாதம் அறிவிக்க வேணும்.

அப்போ காத்திருக்கிறவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டு என்ன பயன்? மூன்று பயன். ஒன்று, வாங்கும்போது ஏமாற மாட்டீர்கள். இரண்டு, தர்ம ஸ்தாபனங்களின் திருத்தகத்தில் தொண்டராகச் சேரலாம். அதற்குத் தடை இல்லை. சம்பளம் இல்லை, போக்குவரத்துச் செலவு போன்றதைத் தருவார்கள். பழைய சைக்கிள்களைத் தானமாக வாங்கி, திருத்தி, அகதிகளுக்கும் தஞ்சம் கோருபவர்களுக்கும் கொடுப்பதற்காக 2013-இல் ஜெம் ஸ்ரைன் என்பவர் லண்டனில் 'பைக் புறொஜெக்ற்' என்ற அமைப்பைத் தொடங்கினார். வந்தவற்றில் சிலதை விற்றுத்தான் செலவின் ஒரு பகுதியை அது ஈடு செய்தது. இப்படியான இடத்தில் எந்த சைக்கிளைக் கொடுப்பது, எதை விற்பது, என்ன விலைக்கு என்பதெல்லாம் கண்ணால் பார்த்துப் படிக்கலாம். மூன்றாவது பயன், நாளைக்கு முடிவு நல்லபடி வந்தால் அன்றைக்கே தொழில் தெரிந்த ஆளாக நிற்கலாம்.

இப்ப மூன்றாம் கேள்வி: என்ன விலை?

எங்கட ஆட்கள் செய்கிற முதல் பிழை, செலவைக் கூட்டி விலை சொல்வது. உதாரணத்துக்கு அந்தத் தம்பியின் கணக்கைப் போடுவோம். இந்த எண்கள் கணக்குப் படிப்பதற்கு மட்டும். சந்தை விலையை நீங்கள்தான் தேடிப் பார்க்க வேணும்.

சைக்கிள் வாங்கியது 40 பவுண். ரயர், ரியூப் 45. பிறேக் கட்டையும் கேபிளும் 20. செயின் 10. பெடல் தண்டின் கொட்டர் பின் 6. கிறீஸ், எண்ணெய், சில்லறைச் சாமான் 9. உதிரிப்பாகம் 90, எல்லாமாக 130. இதோடு பத்து மணித்தியால வேலை. மணிக்கு 12 பவுண் வைத்து 120-ஐக் கூட்டி "250 பவுண்" என்றார் தம்பி.

வாங்குகிறவருக்கு உங்கள் பத்து மணித்தியாலம் தெரியாது. அவர் பார்ப்பது, இதே மாதிரி சைக்கிள் வேறு எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கும் என்பதை. விளம்பரத்தில் போட்டிருக்கிற விலையும் விலை இல்லை. அது ஆசை. 300 பவுண் என்று போட்டு ஆறு மாதமாகத் தொங்குகிற சைக்கிள் எத்தனையோ இருக்கு. ஈபேயில் தேடும்போது "விற்றுமுடிந்தவை" என்பதை மட்டும் காட்டும்படி தெரிவு செய்யலாம். அங்கே இருப்பதுதான் ஒருவர் உண்மையாகக் கொடுத்த காசு.

அதே மொடல், அதே அளவு, மூன்று கியர் என்று ஆறு சைக்கிள் விற்றதாக வைப்போம்: 95, 120, 140, 155, 160, 310. இவற்றைக் கூட்டி ஆறால் பிரிக்காதீர்கள். ஒவ்வொன்றின் படத்தையும் பாருங்கள். 95-க்குப் போனதில் கியர் விழவில்லை. 310-க்குப் போனதில் பழைய பெயின்ற் அப்படியே, புறூக்ஸ் தோல் சீற், சில்லுக்குள்ளேயே டைனமோ. உங்களுடையதைப் போல இருப்பவை 140, 155, 160. ஆகவே உங்கள் சைக்கிள் 155 பவுண் அளவில் நிற்கிறது. 170 என்று போடலாம், பேரம் பேசுவார்கள். 145-க்குக் கீழே இறங்குவதில்லை என்று மனதுக்குள் ஒரு கோடு போட்டு வைக்கலாம்.

155 வந்தால் கையில் மிஞ்சுவது 25 பவுண். பத்து மணித்தியாலத்துக்கு 25 பவுண், அதாவது மணிக்கு 2 பவுண் 50 பென்ஸ். தம்பியின் முகம் வாடிப்போச்சு. ஆனால் பிழை விற்கிற விலையில் இல்லை. வாங்கின விலையில். கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள்: விற்கக்கூடியது 155. உதிரிப்பாகம் 90 போனால் 65. மணிக்கு 5 பவுணாவது வேணும் என்றால் 50 போக 15. அந்த சைக்கிளுக்கு அவர் 15 பவுணுக்கு மேல் கொடுத்திருக்கக் கூடாது. வாங்குகிற அன்றைக்கே உங்கள் லாபம் முடிவாகிவிடும்.

சரி, விலையைக் கூட்டுவது எது, குறைப்பது எது?

இங்கே அடிக்கடி கிடைப்பது றலி. நொட்டிங்ஹாம் நகரத்துக் கம்பனி, ஊரில் எங்கட தாத்தாமார் வைத்திருந்த அதே றலி. நொட்டிங்ஹாமில் சைக்கிள் செய்வது 2002-இல் நின்றுபோனது. அதனால் அங்கே செய்த பழையவற்றுக்கு ஒரு மதிப்பு. பின்சில்லு ஹப்பில் ஸ்ரர்மி-ஆச்சர் என்ற பெயரோடு சின்ன எண்கள் அடித்திருக்கும். 66, அதோடு 4 என்றிருந்தால் 1966 ஏப்ரலில் செய்த ஹப். சில்லு பிறகு மாற்றியதாகவும் இருக்கலாம், எனவே "ஹப்பில் 1966 என்று இருக்கு" என்று எழுதுங்கள், "1966 சைக்கிள்" என்று அடித்துச் சொல்லாதீர்கள்.

கூட்டுபவை: பழைய பெயின்ற், பழைய ஸ்ரிக்கர், புறூக்ஸ் சீற், ஹப் டைனமோ, எல்லாருக்கும் பொருந்துகிற நடுத்தர உயரம். ஆகவே பெயின்ற் நன்றாகப் போயிருந்தால் ஒழிய மேலால் புதுப் பெயின்ற் அடிக்காதீர்கள். காசும் வேலையும் செலவழித்து விலையைக் குறைத்துக்கொள்வீர்கள். துடைத்து மெழுகு பூசினாலே போதும்.

குறைப்பவை: இறுகிப்போய் உயர்த்த முடியாத சீற் தண்டு, கறள் தின்ற ரிம், வளைந்த ஃபோக். வாங்கும்போதே இவற்றைச் சோதியுங்கள். ரிம் அளவையும் பாருங்கள். 26 அங்குலம் என்று எழுதிய எல்லா ரயரும் ஒன்று இல்லை. பழைய றலிக்கு 26 பெருக்கல் 1 3/8, ரயரில் 590 என்று இருக்க வேணும். மலைச் சைக்கிளின் 26 அங்குல ரயர் 559. அது பொருந்தவே பொருந்தாது.

இதில் ஒரு கோடு இருக்கு. கீறல், மங்கின குரோம், கிழிந்த சீற் என்றால் விலையைக் குறைத்து விற்கலாம். பிறேக், ஹான்டில், ஃபோக், கியர் பிழை என்றால் விலை குறைத்தும் விற்கக் கூடாது. இரும்பு ரிம்மில் மழை நனைந்தால் பிறேக் சரியாகப் பிடிக்காது, லண்டன் மழை உங்களுக்கே தெரியும். நல்ல கட்டை போட்டு, நனைத்துப் பார்த்து, அதையும் வாங்குகிறவருக்குச் சொல்லுங்கள். மூன்று கியர் ஹப்பில் கேபிள் சரியாக இழுபடாவிட்டால், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் பெடல் சும்மா சுற்றும். எழும்பி நின்று மிதிக்கிறவர் முகம் குப்புற விழுவார். இரண்டாம் கியரில் போட்டு, அச்சின் முனையும் உள்ளே இருக்கிற கம்பியின் தோளும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பக்கத்துத் துவாரத்தால் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

சட்டப்படி இரண்டு பிறேக் வேணும். இரவில் ஓடுவதென்றால் முன்னால் வெள்ளை லைற், பின்னால் சிவப்பு லைற், சிவப்பு றிஃப்ளெக்ரர் வேணும். பெடலில் மஞ்சள் றிஃப்ளெக்ரர் என்பது 1985 அக்டோபர் 1-க்குப் பிறகு செய்த சைக்கிளுக்குத்தான். இது தெரிந்தால் தேவையில்லாமல் பெடல் மாற்றிக் காசை விட மாட்டீர்கள்.

விளம்பரம் எழுதும்போது செய்ததையும் சொல்லுங்கள், செய்யாததையும் சொல்லுங்கள். "புது ரயர், புது பிறேக் கட்டை, கியர் மூன்றும் வேலை செய்யும். பின் மட்காட்டில் ஒரு நசுங்கல்." அந்த நசுங்கலின் படத்தையும் போடுங்கள். குறையை நீங்களே சொன்னால் வாங்குகிறவர் மற்றதெல்லாம் உண்மை என்று நம்புவார், பேரமும் குறையும். விற்ற பிறகு நீங்களும் ஒரு பற்றுச்சீட்டு எழுதிக் கொடுங்கள்.

அந்தத் தம்பி கடைசியில் என்ன செய்தார்? சந்தைக்காரர் பற்றுச்சீட்டுத் தரவில்லை. நல்ல காலம், பிரேம் நம்பரைத் தேடியதில் களவு என்று வரவில்லை. அவருடைய கோரிக்கைக்கு இன்னும் முடிவு வரவில்லை. ஆகவே விற்கிற யோசனையை விடச் சொன்னேன். "அப்ப 130 பவுண் வீண்தானே அண்ணை" என்றார்.

அப்போதுதான் வேறொரு கணக்குப் போட்டுக் காட்டினேன். லண்டன் பஸ் கட்டணம் 2023 மார்ச்சில் ஒருமுறைக்கு 1.75 பவுண் ஆனது. அந்தக் கணக்கில் போக வர 3.50. அவர் ஆங்கில வகுப்புக்கும் சட்டத்தரணியிடமும் கையெழுத்துப் போடவும் வாரத்தில் நாலு நாள் வெளியே போகிறார். வாரத்துக்கு 14 பவுண். தானே சமைத்துச் சாப்பிடுகிறவருக்கான உதவிப் பணம் 2024 ஜனவரியில் வாரத்துக்கு 49.18 என்று வைக்கப்பட்டது. அதில் 14 பவுண் என்றால் எவ்வளவு பெரிய பங்கு என்று பாருங்கள். பதினொரு வாரம் சைக்கிளில் போனால் 154 பவுண் மிச்சம். சந்தையில் விற்றாலும் அவ்வளவுதான் வரும். பன்னிரண்டாம் வாரம் சைக்கிளும் கையில் இருக்கும், ஒரு சட்டமும் மீறவில்லை.

அவர் இப்ப அதில்தான் வகுப்புக்குப் போகிறார். நல்ல பூட்டு ஒன்று வாங்கினார், பிரேம் நம்பரைத் தன் பெயரில் பதிந்தார். கிழமையில் ஒரு நாள் எங்கட திருத்தகத்துக்கு வந்து கை கொடுக்கிறார். முடிவு வந்த பிறகு விற்பாரா, வைத்திருப்பாரா என்று அவர் யோசிக்கட்டும்.

ஆகவே யாராவது ஒரு பழைய சைக்கிளைக் காட்டி விலை கேட்டால், முதலில் பிரேம் நம்பரைப் பாருங்கள். பிறகு உங்கள் அனுமதியைப் பாருங்கள். அதற்குப் பிறகு விற்றுமுடிந்த விலையைப் பாருங்கள். தர்ம ஸ்தாபனம் தந்த சைக்கிள் என்றால், அவர்களைக் கேட்காமல் விற்கவே வேண்டாம். உங்களுக்குத் தேவையில்லை என்றால் திருப்பிக் கொடுங்கள், வரிசையில் நிற்கிற இன்னொருவருக்கு அது உதவும்.

சைக்கிளில் ஏதும் பிழை என்றால் தயங்காமல் கொண்டு வாருங்கள். கூட்டம் முடிந்த பிறகும் நான் இங்கே நிற்பேன்.